சொப்பினின் இசையும் கேட்போர் சமுதாயமும்: வார்சோவின் கோடைக்காலப் பியானோ அரங்குகள் பற்றிய ஒரு நோக்கு

1

போலந்தின் தலைநகரான வார்சோவிலே வாஜியெங்கி என்றொரு பூங்கா உண்டு. அந்நாட்டின் இறுதி மன்னனான ஸ்தனிஸ்வாவ் ஓகுஸ்ட் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தனது கோடை வாசத்துக்கென அமைப்பித்த பூங்கா அது. அரசனது ஓய்வுக்கென உருவான அவ்விடத்திலே 1959 ஆம் ஆண்டு முதலாகப் பொதுமக்களுக்கான இசையரங்குத் தொடரொன்று நடைபெற்று வருகின்றது. மே மாத நடுப்பகுதி தொடக்கம் செப்டெம்பர் இறுதி வரையான ஞாயிற்றுக்கிழமைகளில், இப்போதைய ஒழுங்கின்படி நண்பகலில் ஒருமுறையும் பிற்பகல் நான்கு மணிக்கு ஒருமுறையுமாகப் பியானோக் கலைஞர் ஒருவர் திறந்தவெளியில் அமர்ந்து இசைக்கின்றார். இசைக்கப்படுவன பிரெடெரிக் சொப்பின் (1810–1849) என்னும் ஒரே இசையாக்குநரின் ஆக்கங்கள். காற்றில் வளைந்த வில்லோ மரத்தின் கீழே சொப்பின் அமர்ந்திருப்பதாக அமைந்த வெண்கலச் சிலையின் அடியிலே பியானோ வைக்கப்படுகின்றது. எதிரே நீர்த்தடாகம், அதனைச் சூழ ரோசாப் பாத்திகளும் புல்வெளியும். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. வாங்குகளில் இடம் கிடைத்தோர் வாங்குகளிலும் ஏனையோர் புல்லிலுமாக அமர்ந்து கேட்கின்றனர்.

இத்தகைய நிகழ்ச்சியொன்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்வர். இசை நுணுக்கங்களை மட்டும் கொண்டு கலைஞரின் திறனை எடைபோடுவது ஒன்று. இயற்கை எழிலையும் இசையின் இனிமையையும் வியந்து பாராட்டி அமைவது மற்றையது. இவ்விரண்டும் நமது நோக்கத்துக்குப் போதியன அல்ல. ஓர் இசை எங்கே பிறந்தது, எவர் அதனைக் கேட்டனர், கேட்பதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது என்னும் வினாக்களை எழுப்பும்போதுதான் அவ்விசையின் வரலாறு முழுமையாகப் புலப்படத் தொடங்கும். கலை யாருக்காக என்ற விவாதத்திலே பழகிய வாசகருக்கு இவ்வினாக்கள் புதியனவல்ல. ஆயினும் சொற்களற்ற கருவியிசையைப் பொறுத்தவரை அவற்றை எழுப்புவோர் அரியர். வாஜியெங்கி அரங்குகள் அதற்கு ஒரு நல்ல வாய்ப்பினைத் தருகின்றன. இலவசமாக்கப்பட்ட கலை எல்லாம் மக்களுடைய கலை ஆகிவிடுமா என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பிரச்சினை.

2

1824 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையைப் பதினான்கு வயதுச் சிறுவனான சொப்பின், பள்ளித் தோழன் ஒருவனின் குடும்பத்துக்குரிய ஷபார்னியா என்னும் பண்ணையிலே கழித்தான். அங்கிருந்து பெற்றோருக்கு அவன் எழுதிய கடிதங்கள் நாளிதழ் ஒன்றைக் கேலியாகப் பின்பற்றி அமைந்தவை. அவற்றுள் ஒன்றிலே அவன் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகின்றான். அயலிலுள்ள நியெஷாவா என்னும் ஊரின் வழியாகச் செல்லும்போது, வேலியொன்றில் அமர்ந்து கிராமத்துப் பெண்ணொருத்தி பாடுவதைக் கேட்கிறான். சொற்கள் விளங்கவில்லை. இருமுறை அவ்வழியே நடந்து பார்த்தும் பயன் இல்லாமற் போகவே, மூன்று காசுகளை எடுத்துக் காட்டி மீண்டும் பாடுமாறு கேட்கிறான். அவள் முதலில் மறுத்துப் பின்னர் அக்காசுக்காகப் பாடுகிறாள். அவள் பாடியது ஒரு மசூர்க்கா.

நகைச்சுவையாக எழுதப்பட்ட இச்சிறு நிகழ்ச்சியினை நாம் சற்றுக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். மசூர்க்கா என்பது வார்சோவைச் சூழ்ந்த மசோவியாச் சமவெளி விவசாயிகளின் ஆடலிசை. மூன்று எண்ணிக்கை கொண்ட தாளத்திலே முதலாம் அடியை விடுத்து இரண்டாம் அல்லது மூன்றாம் அடியிலே அழுத்தம் விழுவது அதன் தனித்தன்மை. அவ்விசைக்கு உரியவரான விவசாயிகளின் நிலை யாது? 1807 இலே அரசியல் யாப்பின் மூலம் அவர்களின் அடிமைநிலை சட்டப்படி நீக்கப்பட்டது. ஆனால் நிலம் பிரபுக்களிடமே இருந்தது. பிரபுவின் வயலிலே கூலியின்றி உழைக்கவேண்டிய கட்டாயமும் நீடித்தது. 1864 வரை போலந்து இராச்சியத்து விவசாயி தான் உழுத நிலத்துக்கு உரிமை பெறவில்லை. ஆகவே நியெஷாவாவிலே நிகழ்ந்தது ஒரு சிறுவனின் விளையாட்டு மட்டுமன்று. பண்ணை வீட்டு விருந்தினன் ஒருவன் உழைக்கும் பெண்ணின் பாட்டைக் காசு கொடுத்துப் பெறுகிறான். கேட்பவன், பாடுபவள், விலை என்னும் மூன்றும் அங்கே வெளிப்படையாகவே நிற்கின்றன.

சொப்பின் பின்னர் இளமை தொடக்கம் இறுதிக்காலம் வரை ஐம்பதுக்கு மேற்பட்ட மசூர்க்காக்களை இயற்றினார். அவற்றை அவர் நாட்டாரிடமிருந்து அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. கிராமத்துத் துருத்திக் குழல் எழுப்பும் இடையறாத அடிநாதம், ஏறிய நான்காம் சுரம், ஓரடியைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் இயல்பு ஆகியவற்றை எடுத்துத் தமது ஆக்கமுறைக்குள் அமைத்தார். ஐம்பத்தாறாம் இலக்கத் தொகுதியின் இரண்டாம் மசூர்க்கா இதற்குத் தக்க உதாரணம். இடதுகை விட்டுவிடாது பிடித்திருக்கும் வெறும் ஐந்தாமிடைவெளி, நமது செவிக்குச் சுருதியின் ஒலிப்பை நினைவூட்டுவது. அதன்மேல் எழும் மெட்டின் உயர்ந்த மத்திமத்தை நம்மவர் பிரதிமத்திமம் எனக் கொள்வர். இவ்வொப்புமை விளக்கத்தின்பொருட்டே கூறப்படுகின்றது; இரு மரபுகளுக்கும் இடையே உறவு கற்பிப்பதற்காக அன்று.

1831 இலையுதிர்காலத்திற் பாரிசை அடைந்த சொப்பின் அங்கேயே தமது வாழ்நாளின் எஞ்சிய பகுதியைப் பெரும்பாலும் கழித்தார். பொது மேடையிலே தோன்றுவதில் அவருக்கு விருப்பமில்லை; வாழ்நாள் முழுவதிலும் ஏறத்தாழ முப்பது தடவைகளே அவர் பொது அரங்குகளில் இசைத்தார் என்பர். பிரபுக்களினதும் வங்கியாளரினதும் வரவேற்பறைகளே அவரது உண்மையான அரங்குகள். அவர் கற்பித்த பாடம் ஒன்றின் கட்டணம் இருபது பிராங்கு. 1841 ஏப்ரிலில் பிளெயெல் மண்டபத்தில் நடந்த அரங்குக்குச் சீட்டின் விலை பதினைந்தும் இருபதும். 1848 பெப்ரவரி 16 ஆம் நாள் அதே மண்டபத்தில் நடந்த, பாரிசிலே அவரது இறுதி அரங்கான நிகழ்ச்சிக்கும் இருபது பிராங்கே விலை. அக்காலப் பாரிசிலே தொழிலாளி ஒருவனின் நாட்கூலி மூன்று நான்கு பிராங்கை ஒட்டியே அமைந்தது. ஒரு மாலை இசைக்கு ஏறத்தாழ ஒரு வாரக் கூலி! அவ்வரங்கு நடந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் பாரிசின் வீதிகளிலே தடுப்பரண்கள் எழுந்தன, மன்னன் முடிதுறந்தான்.

இவற்றைக் கொண்டு சொப்பினைப் பிரபுக்களின் இசையாளர் என ஒதுக்கிவிடல் எளிது. ஆயின் அது விமர்சனம் ஆகாது. பிரான்சிலிருந்து குடிபெயர்ந்த ஆசிரியர் ஒருவரின் மகனாகிய அவர், நிலபுலம் எதுவும் இன்றித் தமது கற்பித்தலின் ஊதியத்தால் வாழ்ந்தவர். அவரது உழைப்பை விலைகொடுத்து வாங்கக்கூடியவர்கள் அவ்வரவேற்பறைகளிலேயே இருந்தனர். ஆனால் அவ்வறைகளின் சரவிளக்குகளின் கீழே அவர் ஒலிக்கச் செய்த அடிநாதம் மசோவியா விவசாயியின் முற்றத்துக்கு உரியது. தோற்றத்துக்கும் நுகர்வுக்கும் இடையே தோன்றிய இம்முரண்பாடே அம்மசூர்க்காக்களுக்கு அவற்றின் அமைதியின்மையைத் தந்தது என்பது நமது கருத்து. பதினேழாம் இலக்கத் தொகுதியின் நான்காம் மசூர்க்கா எந்த முடிவிலும் இளைப்பாறாது, தான் தொடங்கிய ஐயப்பாட்டுக்கே திரும்பி, தீராத சுரக்கூட்டு ஒன்றில் நின்றுவிடுகின்றது. வீடு திரும்ப இயலாத ஒருவரின் ஏக்கம் என அதனை விளக்குவர். அது சரியே. எனினும் அந்த வீடு எவருடையது என்ற வினாவும் அங்கே தீராமல் நிற்கின்றது.

3

இனி, இசை நிகழும் இடத்தை நோக்குவாம். வாஜியெங்கிப் பூங்காவுக்கு அருகே பெல்வெடர் மாளிகை உள்ளது. சார் மன்னனின் சகோதரனும் போலந்துப் படைகளின் தலைவனுமாகிய கொன்ஸ்தந்தின் கோமகன் அங்கே வாழ்ந்தான். அவன் முன்னிலையிலே சிறுவன் சொப்பின் அழைக்கப்பட்டு இசைத்ததுண்டு. 1830 நவம்பர் 29 இரவு அதே மாளிகை தாக்கப்பட்டது. வாஜியெங்கியில் அமைந்திருந்த இராணுவப் பள்ளியின் இளைஞர்களே எழுச்சியைத் தொடங்கினர். சொப்பின் அதற்கு நான்கு வாரங்கள் முன்னதாக, நவம்பர் 2 ஆம் நாள், வார்சோவை நீங்கியிருந்தார். வியன்னாவில் இருக்கையிலே எழுச்சிச் செய்தியும், 1831 செப்டெம்பரில் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கையிலே நகரின் வீழ்ச்சியும் அவருக்கு எட்டின. அவர் மீண்டும் தாயகம் திரும்பவில்லை.

அவ்வெழுச்சி தோற்றமைக்கு ரஷ்யப் படையின் பலம் ஒரு காரணம். பிரபுக்குலத் தலைமை விவசாயிகளின் கட்டாய உழைப்பை ஒழிக்கத் துணியாமையும், அதனாற் பெருந்தொகையான மக்களைத் தன் பக்கம் ஈர்க்க இயலாமையும் பிறிதொரு காரணம். தேசம் என்ற சொல்லின் உள்ளே பிளவு இருந்தது. 1846 இலே கலீசியாவில் போலந்து விவசாயிகளே போலந்துப் பிரபுக்களின் பண்ணைகளைத் தாக்கியபோது அப்பிளவு இரத்தத்தில் எழுதப்பட்டது. சொப்பினின் பொலொனேஸ்கள் பிரபுக்குல ஊர்வல நடனத்திலிருந்தும் மசூர்க்காக்கள் விவசாயிகளின் ஆட்டத்திலிருந்தும் பிறந்தவை. தேசத்தின் வாழ்விலே ஒன்றோடொன்று மோதிய இரு வர்க்கங்களும் ஒரே இசையாக்குநரின் நூலிலே அடுத்தடுத்து இடம்பெற்றன. அவரைத் தேசத்தின் குரல் எனச் சொல்வோர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டுப் பழகிவிட்டனர்.

அவ்விசை அடக்குமுறையாளருக்கு அச்சந் தருவதாகவும் இருந்தது. 1863 ஆம் ஆண்டெழுச்சியின்போது, வார்சோவில் ரஷ்ய ஆளுநர்மீது நடந்த கொலை முயற்சிக்குப் பழிவாங்கப் புகுந்த படையினர் ஸமோய்ஸ்கி மாளிகையின் உடைமைகளை வீதியில் எறிந்தனர். அவற்றுள் சொப்பினின் சகோதரியிடம் இருந்த, அவர் இளமையில் வாசித்த பியானோவும் ஒன்று. நோர்விட் என்னும் கவிஞர் அதனைப் பொருளாகக் கொண்டு புகழ்பெற்ற கவிதையொன்றை எழுதினார். வாட்ஸ்வாவ் ஷிமனோவ்ஸ்கி வடித்த சிலை, போலந்து மீண்டும் சுதந்திரம் பெற்ற பின்னர், 1926 நவம்பரிலே வாஜியெங்கியில் திறந்துவைக்கப்பட்டது. 1940 மே 31 ஆம் நாள் நாசிகள் அதனைத் தகர்த்துத் துண்டுகளாக்கினர். ஆக்கிரமிப்புக் காலத்தில் சொப்பினின் இசை பொது அரங்குகளிலிருந்து விலக்கப்பட்டது. மக்கள் தனியார் வீடுகளிலே மறைவாகக் கூடிக் கேட்டனர். போலந்து வானொலி நாசிகளின் குண்டுவீச்சினால் மௌனமாகுமுன், 1939 செப்டெம்பர் 23 ஆம் நாள் அதில் நேரடியாக ஒலிபரப்பான இறுதி இசை, ஸ்பில்மான் என்னும் யூதக் கலைஞர் வாசித்த சொப்பினின் ஆக்கங்களே. 1944 எழுச்சிக்குப் பின்னர் நகரமே தரைமட்டமாக்கப்பட்டது. சிலை 1958 இல் மீள நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலே அதன் அடியில் ஞாயிறு அரங்குகள் தொடங்கின.

இவ்வரலாற்றை மனங்கொண்டு பார்க்கும்போது, அப்புல்வெளியில் அமர்ந்து கேட்கும் உரிமை வார்சோ மக்களுக்கு எளிதில் வந்ததன்று என்பது தெளிவாகும். இருபது பிராங்குக்கு விற்கப்பட்டதும், பின்னர் கேட்பதே குற்றமென விதிக்கப்பட்டதுமான இசை, அழிவிலிருந்து எழுந்த நகரொன்றின் உழைப்பாளருக்கு விலையின்றித் திறந்துவிடப்பட்டது. யுத்தத்துக்குப் பிந்திய போலந்தின் பண்பாட்டுக் கொள்கையைப் பற்றி எவ்வாறு தீர்ப்பளித்தாலும், இச்செயலின் சமுதாய முக்கியத்துவத்தை மறுத்தல் நேர்மையன்று.

4

ஆயினும் பாராட்டோடு நின்றுவிடுதல் விமர்சனத்தின் கடமையன்று. இத்தொடரினிடத்து நாம் காணும் குறைகள் மூன்று.

முதலாவது, ஒலி பற்றியது. சொப்பினின் வாசிப்பு மென்மையானது என அவரைக் கேட்டோர் ஒருமுகமாகக் கூறியுள்ளனர். அவர் விரும்பிய பிளெயெல் பியானோவின் ஒலியும் மெல்லியது. மென்மைக்கும் அதனினும் மென்மைக்கும் இடையே அவர் வகுத்த படிகளிலேயே நொக்டேர்ன்களின் உயிர் தங்கியுள்ளது. திறந்தவெளியிலே பெருங்கூட்டத்துக்குக் கேட்பிக்க ஒலிபெருக்கி தேவைப்படுகின்றது. ஒலிபெருக்கி எல்லா ஒலிகளையும் ஒருங்கே உயர்த்தும்போது அப்படிகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடுகின்றன. மரங்களின் சலசலப்பும் குழந்தைகளின் குரலும் பெருந்தெருவின் இரைச்சலும் எஞ்சியவற்றை மூடிவிடுகின்றன. சொப்பின் பிறந்த ஜெலசோவா வோலாக் கிராமத்தின் கோடை அரங்குகள் இதற்கு வேறொரு தீர்வு கண்டுள்ளன. அங்கே கலைஞர் எஞ்சியுள்ள பழைய வீட்டின் உள்ளே இசைக்கிறார். கேட்போர் வெளியே தோட்டத்தில் அமர்கின்றனர். ஒலி நெருக்கமாகின்றது, ஆனால் கலைஞர் வீட்டின் உள்ளும் மக்கள் முற்றத்திலுமாகப் பிரிகின்றனர். பண்ணை வீட்டுக்கும் முற்றத்துக்கும் இடையே இருந்த பழைய தூரத்தை இவ்வமைப்பு நமக்கு நினைவூட்டாமல் இல்லை.

இரண்டாவது, தெரிவு பற்றியது. திறந்தவெளி, உரத்த ஆக்கங்களுக்கே இயல்பாக இடங்கொடுக்கும். ஐம்பத்துமூன்றாம் இலக்கப் பொலொனேஸ் போன்ற கம்பீரமான ஆக்கங்கள் அங்கே எளிதில் வெற்றி பெறுவன. பத்தாம் இலக்கத் தொகுதியின் பன்னிரண்டாம் பயிற்சியாக்கமும் அத்தகையதே. அதற்குப் ‘புரட்சி’ என்று பெயரிட்டவர் சொப்பின் அல்லர். வார்சோவின் வீழ்ச்சியோடு அதனை இணைக்கும் கதை பிற்காலத்தார் வழங்கியது. முழக்கத்தைத் தேசமாகவும் மென்மையை அந்தரங்கமாகவும் பிரித்துக் கேட்கும் பழக்கத்தை இத்தெரிவு வளர்க்கின்றது. அதன் விளைவாக மசூர்க்காக்கள் பின்னே தள்ளப்படுகின்றன. விவசாயியின் ஆட்டம் பிரபுவின் ஊர்வலத்துக்கு வழிவிடுகின்றது. மக்களுக்கென அமைந்த அரங்கிலே மக்களிடமிருந்து பிறந்த பகுதி ஒதுங்கி நிற்பது சிந்திக்கத்தக்க முரண்.

மூன்றாவது, சிலை பற்றியது. வெண்கலத்தின் அடியிலே இசைக்கப்படும் ஒவ்வொரு ஆக்கமும் வழிபாட்டின் சாயலைப் பெற்றுவிடுகின்றது. நினைவுச்சின்னம் தன் தேவைக்கு ஏற்ப இசையை வளைத்துக்கொள்ளும். இது வாஜியெங்கிக்கு மட்டும் உரிய குறைபாடன்று. தென்மேற்கிலே டுஷ்னிக்கி என்னும் நீரூற்று நகரில் 1946 முதல் ஆகஸ்டு மாதந்தோறும் சொப்பின் விழா நடைபெற்று வருகின்றது. 1826 ஆம் ஆண்டு, பதினாறு வயதில், சொப்பின் அங்கே சிகிச்சைக்குச் சென்று ஆதரவற்ற சிறாருக்காக இசைத்தமை உண்மை. ஆனால் அந்நகர் 1945 வரை ஜேர்மனிக்குரியதாக இருந்து, யுத்த முடிவிலே போலந்தின் ஆட்சிக்கு வந்தது என்பதும் உண்மை. பழைய குடிகள் வெளியேற்றப்பட்டுப் புதியோர் குடியேறிய ஒரு நிலத்துக்குப் போலந்து உரித்தினைக் கற்பிக்க ஒரு சிறுவனின் கோடைவாசம் உதவிற்று. 1949 ஆம் ஆண்டு, சொப்பின் இறந்த நூற்றாண்டாகையால், அரச ஆதரவோடு சொப்பின் ஆண்டாகவே கொண்டாடப்பட்டது. புதிய அரசு தன் ஆட்சிக்கு ஏற்புடைமை தேடிய காலம் அது. கலையை மக்களிடம் கொண்டுசெல்லும் கையே, அதனைத் தன் சான்றிதழாகவும் பயன்படுத்துகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

5

இக்குறைகளைச் சுட்டியதும் எதிரெதிரான இரு கட்சியினர் நம்மை வரவேற்க முன்வருவர். இருவரிடமிருந்தும் விலகி நிற்றல் அவசியமாகின்றது.

முதற் கட்சியினர் தூய கலைவாதிகள். புல்வெளியில் அமர்ந்து சிற்றுண்டி உண்போருக்குச் சொப்பின் எதற்கு, அவ்விசை நல்ல மண்டபத்திலே பயின்ற செவிகளுக்கே உரியது என்பது இவர்களின் வாதம். பயின்ற செவி என்பது பிறப்பிலே வருவதன்று. ஓய்வும் வசதியும் உள்ளோர் பெற்றுக்கொள்வது. கேட்கும் வாய்ப்பை மறுத்துவிட்டுக் கேட்கத் தெரியாதவர் எனக் குறைகூறுதல் வர்க்க மமதையின் பழைய உருவமேயாகும். அதுமட்டுமன்று, சொப்பின் காலத்துச் செல்வர் அனைவரும் அமைதியாகக் கேட்டோர் என நினைப்பதும் தவறு. 1848 நவம்பர் 16 இல் இலண்டன் கில்ட்ஹோல் மண்டபத்திலே போலந்து அகதிகளின் உதவிக்காக அவர் இசைத்தார். பொது அரங்கில் அவர் இறுதியாக வாசித்தது அன்றுதான். மரணத்தை நெருங்கிய நோயாளியாகிய அவரது இசையை, நடன விருந்துக்கு வந்திருந்த சீமான்களும் சீமாட்டிகளும் பெரிதாகக் கவனித்தாரல்லர். கவனமின்மை புல்வெளிக்கு மட்டும் உரியதன்று.

இரண்டாங் கட்சியினர் எளிதில் திருப்தியடையும் முற்போக்காளர். கூட்டம் திரண்டது, கட்டணம் இல்லை, ஆகவே கலை மக்களுடையதாயிற்று என்பது இவர்களின் முடிவு. நுழைவாயிலைத் திறந்துவிடுதல் முதற்படி மட்டுமே. கேட்பவர் தாம் கேட்பதன் அமைப்பையும் வரலாற்றையும் அறிந்து, அதனை ஏற்கவும் மறுக்கவும் தேர்ந்தெடுக்கவும் வல்லவராகும்போதே உரிமை முழுமை பெறும். அதற்குக் கல்வி வேண்டும், கருவிகள் வேண்டும், கற்பிப்போர் வேண்டும்.

இதற்கு ஆசியாவிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். ஐந்தாண்டுக்கொருமுறை நடைபெறும் வழக்கமுள்ள, 1927 இலே தொடங்கிய வார்சோவின் சர்வதேசச் சொப்பின் போட்டியில், 1980 ஆம் ஆண்டு முதற் பரிசு பெற்றவர் வியட்நாமைச் சேர்ந்த டாங் தாய் சொன். அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. அமெரிக்கக் குண்டுவீச்சின் காலத்திலே ஹனோய் இசைப்பள்ளி கிராமப்புறத்துக்கு இடம்பெயர்க்கப்பட்டது. அங்கேதான், பியானோ ஆசிரியையாகிய தம் தாயின் வழிகாட்டலில் அவர் இளமையிற் பயின்றார். பின்னர் மொஸ்கோவில் உயர்கல்வி பெற்றார். யுத்தத்தின் நடுவிலும் ஒரு வறிய நாடு தன் இசைப்பள்ளியை மூடிவிடாது காட்டுக்கும் வயலுக்கும் இடையே காத்தது. சொப்பினை அந்நாடு சிலையாக இறக்குமதி செய்யவில்லை. கற்றுத் தன் கையின் பயிற்சியாக்கிக்கொண்டது. நுகர்வுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேண்டியதில்லை.

6

1989 இலே போலந்தின் ஆட்சிமுறை மாறிற்று. சந்தைப் பொருளாதாரம் வந்தது. அரச மானியத்தில் இயங்கிய பண்பாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு நெருக்கடி ஏற்பட்டது. எனினும் வாஜியெங்கி அரங்குகள் கட்டணமின்றியே தொடர்ந்தன. இது அத்தொடரின் வேர் எத்துணை ஆழமானது என்பதைக் காட்டுகின்றது. தொடங்கிய அரசு மறைந்த பின்னரும் மக்கள் அதனைத் தமக்குரியதென விட்டுக்கொடுக்கவில்லை என இதனை விளக்குதல் பொருந்தும்.

ஆயின் வேறொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 2001 இல் வார்சோ விமான நிலையத்துக்குச் சொப்பினின் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் அவரது பெயரையும் மரபையும் பாதுகாக்கத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. அவரது பெயரைத் தாங்கிய வொட்கா மதுவும் சந்தையில் விற்பனையாகின்றது. அவர் பிறந்த இருநூறாம் ஆண்டாகிய 2010 இலே நகரின் பல இடங்களில் பதினைந்து கல்வாங்குகள் வைக்கப்பட்டன. பொத்தானை அழுத்தினால் அவரது ஆக்கமொன்றின் சிறுபகுதி ஒலிக்கும். ஒருகாலத்தில் அரசின் சின்னமாயிருந்தவர் இப்போது சுற்றுலாவின் சின்னமாகவும் ஆகிவிட்டார். அரைநிமிட இசைக்கும் ஒருமணி நேர இசைக்கும் உள்ள வேறுபாடு நீளத்தில் மட்டும் இல்லை. ஒருமணி நேரம் ஒரே இசையாக்குநரோடு அமர்ந்திருப்பதற்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமையை வளர்க்கும் பொது இடங்கள் எங்கும் அருகி வருகின்றன. அந்த வகையிலே வாஜியெங்கிப் புல்வெளியின் மதிப்பு முன்னிலும் கூடியுள்ளது என்றே நாம் கருதுகின்றோம்.

ஆதலால் அத்தொடரைக் கைவிட வேண்டும் என்பதோ, மண்டபத்துக்குள் திருப்ப வேண்டும் என்பதோ நமது முடிவன்று. அது தன் உள்ளார்ந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தவேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. மசூர்க்காக்கள் நிகழ்ச்சியின் நடுவிடத்தைப் பெறுதல் வேண்டும். அவை பிறந்த கிராமங்களின் பிடில் வாசிப்போரும் பாடகரும் அதே பூங்காவில், அதே மதிப்போடு இசைத்தல் வேண்டும். ஒவ்வோர் ஆக்கத்துக்கும் முன்னே அதன் தோற்றத்தைப் பற்றிச் சில சொற்கள் எளிய மொழியிற் கூறப்படுதல் வேண்டும். ஒலிபெருக்கியினால் மென்மை இழக்கப்படுவது உண்மையே. ஆனால் மசூர்க்கா தோன்றியது வரவேற்பறையில் அன்று. திறந்த முற்றத்தில், ஆட்டத்தின் அடியோசையும் குழந்தைகளின் கூச்சலும் நடுவே. சலோன் வாழ்வு கொடுத்த நுண்மையின் ஒரு பகுதி புல்வெளியில் குறைவுபடுமாயின், அம்முற்றத்தின் உயிர்ப்பில் ஒரு பகுதியேனும் அங்கே மீட்கப்படலாம். அம்மீட்பு தானாக நிகழாது, திட்டமிட்டுச் செய்யப்படவேண்டியது.

1824 இலே நியெஷாவாவில் வேலியில் அமர்ந்து பாடிய பெண்ணின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. அவளுக்கு மூன்று காசு கிடைத்தது. பாரிசில் அவளது ஆட்டத்தின் தாளம் இருபது பிராங்குக்கு விலைபோயிற்று. இன்று அவளையொத்த உழைப்பாளரின் வழிவந்தோர் வார்சோப் புல்வெளியில் அதனை விலையின்றிக் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது தம் முன்னோருடைய பாட்டின் மறுவடிவம் என்பதை அறியும்போதுதான் அந்த மூன்று காசின் கணக்குத் தீரத் தொடங்கும். அதனை அறியச் செய்தல் கலைஞரின் பொறுப்பு மாத்திரமன்று, விமர்சகரின் பொறுப்புமாகும்.